நான் அனுப்பிய பெயர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது பெரியவள் தன் ஆபீஸ் விஷயம் ஒன்றைச் சொன்னாள். யாரோ வக்கீல்களுக்காக நெட்டில் விளம்பரம் செய்கிற வேலை வந்திருக்கிறதாம். "விபத்து, நஷ்டஈடுன்னு எவன் தேடினாலும் நம்ம பக்கம்தான் முதல்ல நிக்கணும்ப்பா. அவன் பேரையும் நம்பரையும் நிரப்பிட்டான்னா நம்ம வேலை முடிஞ்சுது" என்றாள். நான் பாதிச் சோற்றில் எழுந்துபோய்க் கை கழுவினேன். ரசம் உறைப்பா என்று சின்னவன் கேட்டான். உங்கள் அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

நேரில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடும் டைப்ரைட்டிங் லோயர் கிரேடோடும் நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் ரயிலடிக்குப் போகிற ரோட்டில் நான் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்காது. பெரியவள் அப்போது ஒன்றாம் வகுப்பு. சின்னவன் தூளியில் கிடந்தான். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு ஸ்கேனர். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சிப்காட் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் மவுஸைத் தொடமாட்டார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்வார்கள், நான் அடிப்பேன். ஐ.டி.ஐ. விண்ணப்பம், பயோடேட்டா, பரீட்சை ரிசல்ட், எல்லாம் அப்படித்தான். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் போகாது. அதனால் எந்தக் கட்டத்துக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். ஈமெயில் கேட்டால் கடை ஈமெயில். போன் கேட்டால் அவர்கள் மேஸ்திரியின் செல் நம்பர்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்பெனிக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர், தன் ஆட்களுக்கு வரிசையாக ஓடு போட்ட ஒற்றை அறை வீடுகள் கட்டி விட்டிருந்தார். லைன் வீடு என்பார்கள். அங்கே இருந்த முப்பது குடும்பத்துக்கும் ஒரே செல்போன்தான், அது கான்ட்ராக்டரின் ஆளான மேஸ்திரி கையில். ஊரில் சாவு விழுந்தாலும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் வந்தாலும் அந்த நம்பருக்குத்தான் போன் வரும். மேஸ்திரி வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதனால் ரேஷன் கார்டு மனு முதல் கேஸ் அடுப்பு வரை அந்த நம்பரையே கொடுத்துப் பழக்கம். எனக்கும் அடித்துப் பழக்கம்.

ஒருநாள் மெட்ராஸிலிருந்து பைக்கில் ஒருவர் வந்தார். டை கட்டியிருந்தார், வியர்வையில் அது சட்டையோடு ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். தராசுப் படம், கோட்டுப் போட்டுச் சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரி, அதன்கீழே 'விபத்தில் அடிபட்டவரா? உங்களுக்காக நாங்கள் போராடுகிறோம். இலவச ஆலோசனை' என்று தமிழில் எழுதியிருந்தது.

"வக்கீல் யாரு சார்?" என்று கேட்டேன்.

"நிறைய பேர் இருக்காங்க பாஸ். டாப் ஆளுங்க."

"பேரு போடலியே?"

"வக்கீலுங்க பேரு போட்டு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு அவங்களுக்கு ரூல் இருக்கு. அதான் நாம பண்றோம். அவங்க பண்ணல இல்ல?" என்று சிரித்தார். "உங்க ஏரியாவுல தினம் எவனுக்காச்சும் கை போவுது, கால் போவுது. எங்க போவணும்னு தெரியாம நிக்கிறான். நீங்க வழி காட்றீங்க. புண்ணியம். ஒரு பேருக்கு இவ்ளோன்னு உங்களுக்கும் வரும்."

புண்ணியம் என்கிற வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். வருமானத்தையும் விடவில்லை. இரண்டும் ஒரே கையில் வரும்போது எதற்காகச் செய்கிறோம் என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? அட்டையில் பெரிதாக எழுதிக் கடை வாசலில் கட்டினேன்.

ஒரு ஆளின் பெயர், ஊர், பட்ட அடி, போன் நம்பர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் அவர்கள் பாஷையில் அதற்கு லீடு என்று பெயர். 'அடிபட்ட உறுப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை அழுத்தினால் பட்டியல் கீழே இறங்கும். விரல், கை, கால், கண், கடைசியில் மரணம். முதல் தடவை அந்தக் கடைசி வரியைப் பார்த்தபோது மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பத்தாவது தடவை ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். பழவேற்காடு பக்கத்து ஊர். அப்பா காலம்வரை வயல் கூலி, இவர்கள் காலத்தில் கம்பெனி. அவருக்கு முப்பது வயதிருக்கும். பிரஸ் மிஷினில் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பேசட்டும் என்று நின்றார். பேசினதெல்லாம் அந்தப் பெண்தான். அவளும் அதே கான்ட்ராக்டரிடம் பெருக்குகிற வேலை, குடியிருப்பு லைன் வீட்டில்.

"இலவசம்னு எழுதிகீறியே, நெசமாவா அண்ணா? இல்ல கடசீல துட்டு கேப்பியா?"

"உங்ககிட்ட கேக்கமாட்டேம்மா. எப்படி ஆச்சு?"

"எப்டி ஆச்சா? கரும்பு ஜூஸ் மிஷின்ல மாட்டிகிச்சாம்!" என்று நர்சிங் ஹோம் சீட்டை நீட்டினாள். சேர்த்தபோது மேஸ்திரி அப்படித்தான் சொல்லி எழுத வைத்திருந்தார். "எங்க ஊட்ல கரும்பு மிஷினு இருக்குதாம்ண்ணா. நான் கரும்புச் சாறு குடிச்சே ரெண்டு வருசம் ஆவுது."

அவர் மெல்லச் சிரித்தார். அவள் விடவில்லை. "சிரிக்கிறத பாரு. இப்ப நான்தான் சோறு ஊட்டி உட்றேன். கண்ணாலம் ஆன புதுசுல கூட இப்டி ஊட்னதில்ல."

அவர் சட்டைப் பையில் கம்பெனி கேட் பாஸ் இருந்தது. போட்டோ ஒட்டி, கம்பெனி முத்திரை குத்தியது. அங்கே வேலை செய்தார் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே காகிதம் அதுதான். ஸ்கேன் செய்து படிவத்தோடு சேர்த்தேன். உறுப்பு, விரல். எண்ணிக்கை, மூன்று. கம்பெனி பெயர், கான்ட்ராக்டர் பெயர், எல்லாம் ஆயிற்று.

"போன் நம்பர்?"

"எங்களுக்கு ஏதுண்ணா போனு? எப்பயும் போட்றத போடேன்."

போட்டேன். 'என் விவரங்களைப் பிறருக்குப் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறேன்' என்கிற கட்டத்திலும் டிக் அடித்தேன். அதை அடிக்காவிட்டால் படிவம் போகாது. அவர்களிடம் அதை நான் படித்துக் காட்டவில்லை. யாரிடமும் காட்டியதில்லை.

மறுநாள் மத்தியானம் டை கட்டினவர் கடைக்குப் போன் செய்தார்.

"இன்னா பாஸ், டுபாக்கூர் லீடு குடுக்கிறீங்க? மூணு விரல் பார்ட்டி. மூணு ஆபீஸ்ல இருந்து பேசிட்டாங்க. எடுக்கிறவன், அப்டி யாரும் இல்லன்றான்."

"மூணு ஆபீஸா? ஒருத்தர்தானே?"

"ஒரு லீட ஒருத்தனுக்கு வித்தா கட்டுப்படி ஆவுமா? மொதல்ல பேசின பொண்ணு எல்லாத்தையும் சொல்லி இருக்கு. கம்பெனி மேல, கான்ட்ராக்டர் மேல கேஸ் போட்டு நஷ்டஈடு வாங்கித் தரோம்னு. எடுத்த ஆளு பொறுமையா கேட்டுக்கினு, கம்பெனி பேரு, ஆள் பேரு எல்லாம் திரும்பக் கேட்டு, அப்புறம் ராங் நம்பர்னு வெச்சிட்டான்."

யாருக்குத் தெரியக்கூடாதோ அவர் காதிலேயே, யார் மேல் கேஸோ அவர் ஆளிடமே, முழு விவரத்தையும் படித்துக் காட்டியிருக்கிறார்கள். காட்ட வைத்தவன் நான்.

கடையைச் சாத்திவிட்டு டி.வி.எஸ். ஃபிப்டியை எடுத்தேன். சிப்காட் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு லாரியையும் சுற்றிக்கொண்டு போகும்போது, மேஸ்திரி ஊரில் இருக்கமாட்டார், மறந்திருப்பார், போனில் சரியாகக் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

லைன் வீட்டு வாசலில் அந்தப் பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முகம் மலர்ச்சியாக இருந்தது.

"வாண்ணா. உன் கம்ப்யூட்டர் கை ராசிதான். காலைல மேஸ்திரியே வண்டில வந்து இவர இட்டுகினு போனாரு. ஆபீஸ்ல மொதலாளி கூப்டறாராம், வைத்தியத்துக்கு இன்னாவோ தராங்களாம். பாரு, இத்தினி நாளு எட்டிக்கூடப் பாக்கல."

சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. "வரட்டும், இருந்து பாத்துட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். ஒரு மணி நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் துணி பிழிவதைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் நடந்து வந்தார். கட்டுப் போட்ட கையில் ஒரு கவர் தொங்கியது, உள்ளே நாலு ஆப்பிள். இடது கட்டைவிரல் நீலமாக இருந்தது.

"ரேகை வெச்சியா?" என்றேன்.

"ஆமாண்ணா. இந்தக் கையால கையெழுத்து போட வராதே. ரேகை வெச்சாப் போதும்னாங்க."

"இன்னா எழுதி இருந்துச்சு?"

"பேப்பர மடிச்சி வெச்சிருந்தாங்க. கீழ மட்டும்தான் தெரிஞ்சிச்சி. படிக்கறதுக்குள்ள எடுத்துட்டாங்க."

"கேட் பாஸு?"

"அத்தயும் வாங்கிகினாங்க. புச்சு தராங்களாம்."

அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. "மேஸ்திரிக்கு எப்டித் தெரியும்?" என்றாள். என்னைப் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்தாள். "உன் கடைக்கு வந்தது இவளுக்கு மட்டுந்தான்ணா தெரியும். புள்ளய இவகிட்ட உட்டுட்டுதான வந்தேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. இங்கேதான் பிள்ளைகளே, நான் செய்த பெரிய தப்பு. நம்பரை அடித்தது பழக்கத்தில் நடந்தது. இது பழக்கம் இல்லை, பயம். என் கடைக்கு வருகிற பாதிப்பேர் அந்த மேஸ்திரியின் ஆட்கள். அதை நினைத்தேன். உங்கள் அம்மாவையும் உங்களையும் நினைத்தேன் என்று எழுதலாம், அழகாக இருக்கும். ஆனால் அந்த நிமிஷம் கடைதான் என் கண்முன்னால் நின்றது.

அடுத்த நாள் அவளையும் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். நான் டை கட்டினவரைக் கூப்பிட்டேன். வக்கீல் யாரையாவது உடனே அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். "வேலை செஞ்சதுக்கு ப்ரூஃப் இல்லாத கேஸ எவனும் எடுக்கமாட்டான் பாஸ். மூணு பேருமே வேணான்னுட்டாங்க. விடுங்க, அடுத்தத அனுப்புங்க" என்றார். அன்று சாயங்காலம் வாசலில் கட்டியிருந்த அட்டையை அவிழ்த்தேன்.

மூன்று நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் அம்மா பிடித்துக் கேட்டதில் சொல்லிவிட்டேன். "நீங்களே ஒரு வக்கீல்கிட்ட இட்டுகினு போங்க. கூட நில்லுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவர்கள் இருவரையும் பொன்னேரி கோர்ட்டுக்கு அழைத்துப் போனேன். பக்கத்துச் சந்தில் ஒரு வக்கீலம்மாவின் ஆபீஸ் இருந்தது. வாசலில் பரீட்சை அட்டை அளவுக்கு ஒரு போர்டு, பெயரும் படிப்பும் மட்டும். என்னைவிட வயதில் சின்னவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார்.

"மறுநாளே கூப்பிட்டு ரேகை வாங்கியிருக்காங்க. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பக்கத்து ஊட்டுக்காரி மேடம்" என்றாள் அந்தப் பெண். "அவதான் போட்டுக் குடுத்துட்டா."

"நிச்சயமாத் தெரியுமா?"

"வேற யாரு மேடம்?"

இனிமேல் தாங்காது என்று ஆகிவிட்டது. "அந்தம்மா இல்ல. நான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர், டிக், மூன்று ஆபீஸ், ஒரு பேருக்கு இவ்வளவு என்று எனக்கு வந்த பணம், மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"அண்ணா" என்றாள் மெதுவாக. "நான் அவ புள்ள மேல மண்ணு வாரித் தூத்திட்டேன்ணா. தெருவுல நின்னு. நாலு பேரு பாக்க."

வெளியே டைப் அடிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

வக்கீலம்மாதான் முதலில் பேசினார். "ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அடிபட்டவனைப் பிடிச்சுத் தர்ற புரோக்கருங்களை நாங்க கிட்ட சேர்க்கக்கூடாது. ஏன் தெரியுமா? புரோக்கர் யாருக்கும் சொந்த ஆள் இல்ல. யார் குடுத்தாலும் வாங்கிப்பான். நீங்க அதையே ஒரு மிஷின் வெச்சுப் பண்ணியிருக்கீங்க."

"நல்லதுன்னுதான் மேடம் நெனச்சேன்."

"நினைச்சிருப்பீங்க. படிச்சுக் காட்டினீங்களா?"



வக்கீலம்மா மூடி வைத்த பேனாவைத் திரும்ப எடுத்தார். தொழிலாளர் நஷ்டஈட்டு அதிகாரி முன்னால் பதியாமல் எழுதி வாங்கின எதுவும் நஷ்டஈட்டு உரிமையைப் பறிக்காதாம். ஆனால் இவர் அங்கே வேலையே செய்யவில்லை என்று அவர்கள் சாதிப்பார்கள். "கேட் பாஸ் ஸ்கேன் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கா? படிவம் கிடைச்சுதுன்னு கடை ஈமெயிலுக்குப் பதில் வந்திருக்கா? ரேகை வாங்கினதுக்கு முந்தின நாள் தேதி போட்டு?"

"இருக்கு மேடம்."

"அதைக் கொண்டு வந்து நீங்க சாட்சி சொல்லணும். எதிர்த்தரப்பு உங்களைக் கிழிப்பாங்க. நீங்க யாரு, எதுக்குச் செஞ்சீங்க, எவ்வளவு வாங்கினீங்கன்னு கேப்பாங்க. எல்லாத்துக்கும் உண்மையைச் சொன்னாதான் மத்ததையும் நம்புவாங்க. முடியுமா?"

முடியும் என்றேன். பயத்தில்தான் சொன்னேன். அன்று அந்த அறையில் முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அன்று மாலையே அந்தப் பெண் லைன் வீட்டுக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசப் போனாளாம். அவள் கதவைத் திறக்கவில்லையாம்.

விசாரணை சென்னையில் அந்த அதிகாரி முன்னால் நடந்தது. தேதி தேதியாகத் தள்ளிப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் மேஸ்திரி ஆட்கள் என் கடைக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டரை விற்றேன். கூண்டில் நின்ற அன்று, எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தார்.

"நீங்க சமூக சேவகரா?"

"இல்ல சார்."

"அடிபட்டவங்க பேரை விக்கிறவர்?"

"ஆமா சார். வித்தேன்."

"எத்தனை பேர்?"

"நாப்பத்தியோரு பேர்."

"அத்தனை பேர் சம்மதத்தோடவா?"

"இல்ல சார். டிக் மட்டும் நானே போட்டேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மறுப்பேன் என்று அடுத்த கேள்வியைக் கையில் வைத்திருந்திருப்பார். அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். அந்தப் பெண் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

உத்தரவு அவர்கள் பக்கம் வந்தது. கேட்டதைவிடக் குறைவுதான், ஆனால் வந்தது. அவர்கள் பழவேற்காட்டுப் பக்கமே போய்விட்டார்கள். உத்தரவு வந்த அன்று படியில் இறங்கும்போது அவர் இடது கையைத் தூக்கி ஒரு கும்பிடு மாதிரி காட்டினார். அவள் முன்னாலேயே போய்விட்டாள்.

ஆனால் நாற்பத்தியொன்று என்று வாயால் சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. கூண்டில் சொல்லும்வரை அந்த எண் எனக்கு உறைக்கவே இல்லை. கடை கம்ப்யூட்டரில் தேடினேன். அவர்களில் பதினோரு பேருக்கு நான் போட்டிருந்தது அதே மேஸ்திரி நம்பர். போய்ப் பார்க்க இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். ஏன் ஆறு மாதம் என்று கேட்காதீர்கள். பெரும்பாலோர் லைன் வீட்டில் இல்லை. சூலூர்பேட்டை பக்கம், காட்டுப்பள்ளி பக்கம் என்று வேலை தேடிப் போயிருந்தார்கள். ஒருவர் மட்டும் கிடைத்தார். காலில் இரும்பு விழுந்து நடை கோணலானவர், ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். அவரையும் கூப்பிட்டுப் பேப்பரை மடித்து ரேகை வாங்கியிருந்தார்கள்.

நான் சொன்னதையெல்லாம் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார். வக்கீலம்மாவின் விலாசத்தை எழுதி நீட்டினேன். கேஸ் போட வேண்டிய காலம் கடந்துவிட்டது, ஆனால் காரணம் சொன்னால் ஏற்க வழி இருக்கிறது, நான் கூட வருகிறேன் என்றேன்.

"இந்தக் கால் போயி மூணு வருசம் ஆவுதுண்ணா" என்றார். "இப்ப வந்து சொல்றியே, அப்பயே ஏன் சொல்லல?"

அப்போது எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்த பிறகு ஏன் வரவில்லை என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் யாரோ டீ கேட்டார்கள். அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, காகிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, உள்ளே போனார். பதில் சொல்ல, அவர் வெளியே வரும்வரை அங்கேயே நின்றேன்.